ரேடியேட்டரில் கஞ்சி

ரெங்கம் தோட்டத்துத் துரையின் காரை ஓட்டும் சின்னையன், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினான். எஞ்சின் கொதித்து ஆவி பறந்தது. விசிறி வார் சரியாக இருந்தது, குழாயில் கசிவில்லை. ரேடியேட்டர் மூடியைச் சாக்குத்துணியால் பிடித்துத் திறந்தான். கஞ்சி வாடை அடித்தது.

காலையில் கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி ஊற்றியது அவன்தான். ரேடியேட்டரின் அடியிலிருந்த வடிகுழாயைத் திறந்ததும் வெள்ளையாகக் கஞ்சி வடிந்தது; நடுவே சின்ன வெங்காயத் துண்டுகள். தொட முடியாத சூட்டிலிருந்து வந்தும் அது சில்லென்று இருந்தது.

கல்யாணமான புதிதில் அவன் மனைவி பேச்சாயி இப்படித்தான் ரேடியேட்டரில் கஞ்சியை ஊற்றிவிட்டாள். "வெயில்ல ஓடி வந்திருக்கு. வெறுந்தண்ணியா குடுப்பாங்க?" என்று கேட்டாள். அவள் காய்ச்சலில் செத்துப்போய் ஒரு வருஷமாகிறது.

சின்னையன் அன்று சொன்னதையே இப்போதும் சொன்னான். "வண்டிக்குத் தண்ணி போதும் புள்ள. கஞ்சிய எனக்கு ஊத்து."

ஓடைத் தண்ணீரால் அலசி நிரப்பினான். அதன்பிறகு வண்டி சூடேறாமல் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. இறங்கும்போது, மத்தியானமே சாப்பிட்டுக் கழுவி மூடிவைத்த தூக்குச்சட்டியை எடுத்தான்.

அது கனத்தது.