‘லாம்’ என்னும் ஈறு

சட்டக் கல்லூரியின் இணையப் பக்கத்தில், பேராசிரியர் ஞானசிகாமணியின் பெயருக்குக் கீழே இன்றும் இவ்வாறு இருக்கிறது: “கற்பிப்பது, பிணைச் சட்டம். ஆய்வு ஆர்வம், நீதிபதியின் விருப்புரிமையை ஒழித்தல்.”

இருமுறை வாய்தாவுக்கு வராதவருக்குப் பிணை ‘மறுக்கலாம்’ என்றிருந்த விதியை ‘மறுக்க வேண்டும்’ என்று மாற்றச் செய்தது அவருடைய ஆய்வே. ‘லாம்’ என்னும் ஈறு உள்ளவரை நீதிபதி ஆள்பார்த்துத் தீர்ப்பளிப்பார் என்பது அவருடைய வாதம். விதி மாறியபின் நீதிபதிக்கு அங்கே வேலையில்லாது போயிற்று. பிணை மனுக்களை இயந்திரமே தீர்த்தது.

இன்று விடியலில் அவருடைய மனைவி இறந்தாள். சாகக் கிடந்த தாயின் அருகிலிருந்து இரண்டு வாய்தாக்களைத் தவறவிட்ட மகன் பரிதி சிறையில் இருந்தான். அவன் வந்து கொள்ளி வைக்க ஒரு நாள் பிணை கேட்டார் ஞானசிகாமணி. இயந்திரம் ஒரு நொடியில் மறுத்தது.

“யாரிடமாவது சொல்லிப் பாருங்களேன், அம்மா,” என்று நீதிமன்ற எழுத்தர் செண்பகவல்லியிடம் கெஞ்சினார்.

“யார்கிட்ட சார் சொல்றது? நான் உங்க ஸ்டூடன்ட்தான். ‘லாம் அப்படியே இருக்கட்டும், வீட்டுல ஒரு சாவு விழுந்தா என்ன பண்றது’ன்னு பரீட்சையில எழுதினேனே, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. ‘இது சட்டமன்று, இரக்கம்’ என்று சிவப்பு மையால் எழுதிச் சுழியம் போட்டிருந்தார்.

“அப்படியானால், நானே கொள்ளி வைக்கலாமா?”

“வைக்கலாம் சார். அதுல மட்டும் ‘லாம்’ இன்னும் இருக்கு.”