முன்வரிசைத் தொப்பி

பத்தொன்பது வருஷத்துக்கு முன், எங்கள் ஓக்லஹோமா ஊர்ப் பொருட்காட்சியில் எனக்குப் பிடித்த கன்ட்ரி ராக் குழு பாடியது. நான் கண்டதெல்லாம் முன்னால் உட்கார்ந்திருந்தவனின் வெள்ளைத் தொப்பியும், அதன் விளிம்பில் சிகரெட் சுட்ட ஓட்டையும்தான்.

இன்று மதியம் அதே குழு. முன்னால் அதே ஓட்டை.

"அண்ணே, அதைக் கொஞ்சம் கழட்டுங்க. மேடையே தெரியல."

"தேசிய கீதத்துக்கும் செத்தவங்களுக்கும் மட்டும்தான் கழட்டுவேன், தாயி."

அன்றும் இதையேதான் சொன்னான்.

நாலு பாட்டு முடிந்ததும் பாடகர் வெண்டல் கிடாரை இறக்கினார். "பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி இங்க எங்க பாட்டைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போற வழியில ஒரு ரசிகர் இறந்துட்டார். அவருக்காக ஒரு நிமிஷம்."

எல்லாத் தொப்பிகளும் இறங்கின. இது மட்டும் இறங்கவில்லை.

"செத்தவங்களுக்குக் கழட்டுவேன்னீங்களே?" என்றேன் எரிச்சலுடன்.

அவன் திரும்பவில்லை.

"எனக்கு நானே எப்படிக் கழட்டுறது, தாயி?"