குழாயடிக் கணக்கு

"பாசமா? அந்த ஆளுக்கா? சரியான கல்லுளிமங்கன், டீச்சரம்மா!" என்றாள் காசியம்மாள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே.

"எங்க வூட்டுது ஆட்டுக்கல்லு. உக்காந்தா எழுந்துக்காது!" இது ரோஷன் பீவி.

மாமல்லபுரத்துத் தெருக்குழாயடியே குலுங்கிச் சிரித்தது. எல்லம்மாள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

வேதவல்லி விறுவிறுவென்று குறித்துக்கொண்டாள். மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்க, கல்யாணத்தையே தள்ளிப்போட்டுச் செய்கிற ஆராய்ச்சி. கேள்வி ஒன்றே ஒன்று. உங்கள் கணவர் உங்களிடம் பாசமாக இருக்கிறாரா? குழாயடியில் ஒருத்திகூட ஆமாம் என்று சொல்லவில்லை. அடப் பாவி மனுஷன்களா!

எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் வீடு வீடாகப் போய்த் தனித்தனியாகக் கேட்டாள்.

ரோஷன் பீவி கதவைச் சாத்தினாள். "தங்கமான மனுசன். எனக்கு சடை பின்னி வுடுறதே அவருதான். வெளிய சொல்லிடாதீங்க, சங்குக் கடையில அவரு மானம் போயிடும்!"

"மீன் கொழம்பு வெச்சா தலைய எனக்குத்தான் குடுப்பாரு" என்று காசியம்மாள் வெட்கப்பட்டாள்.

தெரு முழுக்க இதே பாட்டுதான். கூலி வேலைக்குப் போயிருந்த எல்லம்மாள் வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது.

பட்டணத்தில் அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் திருநாவுக்கரசு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"குழாயடியில கேட்டா ஊர்ல ஒரு நல்ல புருஷன் கிடையாது. வீட்டுல கேட்டா கெட்டவனே கிடையாது. இது ஆராய்ச்சியா, ரேடியோ வானிலை அறிக்கையாம்மா? வீட்டுல பயந்துக்கிட்டுப் பொய் சொல்லியிருப்பாங்க. குழாயடிதான் நிஜம். அப்படியே எழுது, பட்டம் உனக்கு!"

வேதவல்லிக்கு மனசு கேட்கவில்லை. சடை பின்னிவிடுகிற மனுஷனைக் கொடுமைக்காரன் என்று எப்படி எழுதுவது? அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து ரோஷன் பீவியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களால என் பட்டமே போகப்போகுது! அவ்வளவு நல்ல மனுஷரைக் குழாயடியில ஏங்க அந்தத் திட்டு திட்டினீங்க?"

ரோஷன் பீவி எதிர்வீட்டுப் பூட்டைப் பார்த்தாள்.

"எல்லம்மாள வுட்டுட்டு அவ புருசன் ஓடிப் போயிட்டான். தண்ணி புடிக்கிற நேரத்துலதான் அது கொஞ்சம் சிரிக்குது. அது பக்கத்துல நின்னுகினு, எங்க ஆளு தங்கம்னு எந்த வாயால சொல்றது, டீச்சரம்மா?"