மேலேர்ந்து மாமு

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மாயாவின் வலைப்பூவுக்கு அன்று ஒரு வயது. கிரேனுக்கு அடியில் லாரியை எப்படி நிறுத்துவது என்று துறைமுக டிரைவர்களுக்கு அவள் எழுதுவதெல்லாம் 'மாமு' என்ற பெயரில்தான். பொம்பளை சொன்னால் கேட்பார்களா என்ற பயம்.

"நல்லதோ கெட்டதோ கமெண்ட்ல சொல்லுங்கன்னு கேட்டு எழுதுனேன்யா. ஒருத்தன்கூட வாயத் தொறக்கல."

"வண்டி ஓட்றவன் இன்னாத்த எழுதுவான்? படிச்சிக்கினுதான் கீறான், வுடு," என்றான் கணவன் டில்லிபாபு.

மாலையில் எண்ணூர் துறைமுகத்துக்குப் போய், கிரேன் உச்சியில் இருந்த தன் கண்ணாடி அறையில் உட்கார்ந்தாள். கடலும் வானமும் ஒன்றில் ஒன்று கரைந்து, அவள் மட்டும் நடுவில் மிதப்பதுபோல் இருந்தது.

அவள் இறக்கும் கன்டெய்னர், லாரியில் சரியாக உட்கார்ந்தால், டிரைவர் ஹெட்லைட்டை இரண்டு தரம் அடித்துக் காட்டுவார். அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

அன்று அவள் இன்னும் ஒரு பெட்டியைக்கூடத் தூக்கவில்லை. கீழே முதல் லாரி இரண்டு தரம் லைட் அடித்தது. பின்னால் நின்ற லாரியும் அடித்தது. அதற்கும் பின்னால் ஒன்று. வெளிச்சம் அலைபோல வரிசையின் கடைசிவரை ஓடியது.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"மாமு அக்கா, கமெண்ட் வந்துச்சா?"