தாழை மறைத்த கால்

தாழை என்கிற யானை குட்டி போட்ட பிறகு, அவளுடைய சொந்தங்கள் முதல்முறையாகக் குட்டியைப் பார்க்க வந்தார்கள். பார்த்த கையோடு தாயையும் பிள்ளையையும் மலைக்கு மேலே அழைத்துப் போவதாக ஏற்பாடு. கீழ்க்காட்டில் புல்லெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது.

ஆனால் குட்டிக்கு வலது பின்னங்கால் பிறவியிலேயே கோணல். நடக்க முடியாத குட்டியை விட்டுவிட்டுப் போன கூட்டங்களைப் பற்றித் தாழை கேள்விப்பட்டிருந்தாள். அதனால் குட்டியின் வலது பக்கத்தைத் தன் உடம்போடு சேர்த்து அணைத்தபடியே நின்றாள்.

"கண்ணு அப்படியே உன்னை உரிச்சு வெச்சிருக்குடி," என்றாள் சித்தி. "கொஞ்சம் இப்படித் திருப்பு, முழுசாப் பார்க்கலாம்."

"இப்பதான் பால் குடிச்சான் சித்தி. அசைச்சா கக்கிடுவான்."

"என்னடி, எங்ககிட்டயே ஒளிக்கிற?" என்று கூட்டத்தை நடத்திவந்த பெரியம்மா துதிக்கையை நீட்டினாள்.

தாழை பதில் சொல்வதற்குள், அந்தத் துதிக்கையைப் பிடிக்கும் ஆசையில் குட்டி வெளியே ஓடியது. கால் மடங்கி விழுந்தது. தானே எழுந்து, நொண்டிக்கொண்டே போய்த் துதிக்கையைப் பிடித்துக்கொண்டது.

தாழை பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா குட்டியின் காலை மெல்லத் தடவிப் பார்த்தாள். பிறகு மலையை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேட்டு வழி வேண்டாம். இந்தத் தடவை பள்ளத்து வழியா சுத்திப் போவோம்."

"அது ரொம்பத் தூரமாச்சே அக்கா!" என்றாள் சித்தி.

"ஆமா, தூரம்தான். அதான் இப்பவே கிளம்பணும்."