தெச்சிப்பூக் குப்பாயம்

குப்பாயத்தின் இடது தோளைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழிக்க வேண்டும். எங்கள் சர்ச் சபை ஆண்டுவிழா நாடகத்தில் எனக்கு அவ்வளவுதான் வேலை.

வசனம் கிடையாது. பனச்சமூட்டில் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு அதிகாரியின் ஆள் வேஷமே அதிகம் என்று நாடகம் எழுதிய அனூஜ் நினைத்திருப்பான்.

குப்பாயம் போட்டு எதிரே நிற்பது என் மனைவி அஜிஷா.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பெண்கள் மார்பை மறைத்துக் குப்பாயம் என்கிற மேல்சட்டை போட்டதற்காக, மேல்சாதி அதிகாரிகளின் ஆட்கள் சந்தையில் வைத்து அதைக் கிழித்தார்கள். அந்தக் காட்சிதான் இது.

குப்பாயத்தைத் தைத்தவளும் அஜிஷாதான். வெள்ளைத் துணியில், கழுத்தைச் சுற்றியும் இரண்டு தோளிலும் சிவப்பு நூலில் தெச்சிப்பூ. கையாலேயே இரண்டு மாதம் போட்டாள். பெண்கள் சங்கத்து லீலாபாய் டீச்சர், அந்தக் காலத்தில் முரட்டுத் துணிதான், பூவெல்லாம் ஏது என்று கேட்டார்.

"கிழிச்சதையெல்லாம் ஆரு டீச்சரே எடுத்து வச்சா, பூ இல்லைண்ணு சொல்லியதுக்கு?"



கிழிக்கிற காட்சியை அனூஜ் கடைசி வாரத்தில்தான் சேர்த்தான். நடந்தது அதுதானே என்று அஜிஷாவும் மறுக்கவில்லை. இடது தோள் தையலை மட்டும் பிரித்து, இழுத்தால் விட்டுவிடுகிற மாதிரி ஒற்றை நூல் ஓட்டினாள். உள்ளே தடித்த பனியன்.

ஒத்திகையில் நாலு முறை இழுத்தேன். நாலு முறையும் தையலோடு பக்கத்துப் பூவும் பிய்ந்தது. அவள் உட்கார்ந்து திரும்பப் போட்டாள். பிய்ந்து விழுந்த சிவப்பு நூலை நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தேன்.

மேடையில் அஜிஷா என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

தோளைப் பிடித்து இழுத்தேன்.

கிழியவில்லை.

காலை ஊன்றி, இரண்டு கையாலும் இன்னொரு முறை. என் விரல்தான் வலித்தது.

"எலே நிபினே, கிழிலே!" திரைக்குப் பின்னால் அனூஜ் கத்தியது மைக்கில் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அஜிஷா அழுதுகொண்டு ஓட வேண்டும். அவள் ஓடவில்லை. குப்பாயத்தைச் சரிசெய்தாள். கீழே கிடந்த சந்தைக் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி நடந்துபோனாள்.

முன்வரிசையில் லீலாபாய் டீச்சர் எழுந்து நின்றார். பிறகு ஒவ்வொருவராக எல்லாப் பெண்களும்.

அவள் வேண்டுமென்றே தையலைப் பலமாகப் போட்டு நாடகத்தைக் கெடுத்துவிட்டாள் என்று அனூஜ் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் குப்பாயத்தை மடியில் விரித்துப் பார்த்தாள். இடது தோளில் அந்த ஒற்றை நூல் அவள் ஓட்டியபடியே இருந்தது. வலது தோளில்தான் இரண்டு பூ கசங்கியிருந்தது.

அந்த இரண்டு பூவையும் விரலால் நீவிவிட்டாள்.

"எடது எது, வலது எதுண்ணு தெரியாத ஆளாக்கும் எனக்க மாப்பிள."

பிறகு அந்த ஒற்றை நூலை உருவிப் போட்டுவிட்டு, ஊசியில் இரட்டை நூல் கோத்தாள்.