இன்னொரு படம்

"இந்த உலகத்துல யாரை வேணும்னாலும் ஏமாத்தலாம். என்னை மட்டும் ஏமாத்த முடியாது. ஏன்னா நான் மூஞ்சியைப் பார்க்கிறதில்ல, எலும்பைப் பார்க்கிறேன்."

எக்ஸ்ரே அறைக்காரர் இதைச் சிரிக்காமல்தான் சொன்னார். இருபது வருஷமாக ஊராரின் எலும்பைப் பார்த்தே சம்பளம் வாங்குவதால் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே எலும்பண்ணன். இந்த வசனத்தை வாரம் ரெண்டு தடவை கேட்கும் நர்ஸ், தலையை ஆட்டிவிட்டு அடுத்த சீட்டை நீட்டினாள்.

பெண், வயது இருபத்தொன்பது, இடது முன்கை, பாத்ரூமில் வழுக்கி விழுந்தது.

"மறுபடியும் பாத்ரூமா?"

ஊரிலுள்ள பாத்ரூம்கள் எல்லாம் கூட்டம் போட்டுப் பேசிவைத்துக்கொண்டு, கல்யாணமானவர்களாகப் பார்த்துக் கீழே தள்ளுகின்றன என்பது அவருடைய நெடுநாள் கண்டுபிடிப்பு. அடி வாங்கியதைச் சொல்லத் துப்பில்லாமல் வாயில்லாத தரைமேல் பழி போடுகிறார்களே, இதைவிடக் கோழைத்தனம் உண்டா என்று கேட்டார். நர்ஸுக்கு வேறு வேலை இருந்தது, போய்விட்டாள்.

அந்தப் பெண் வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே புருஷன், அவளுடைய பையையும் போனையும் தன் கையில் வைத்துக்கொண்டு. பெயரென்ன என்று அவளைக் கேட்டதற்கும் அவனே பதில் சொன்னான். எலும்பண்ணன் அவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தி, வாசலுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கைப் போட்டார். அது எரிகிறவரை பெரிய டாக்டரே ஆனாலும் உள்ளே வரக்கூடாது. கதிர் படும்.

படம் திரையில் வந்தது.

"வழுக்கி விழுறவங்க உள்ளங்கையை ஊன்றுவாங்கம்மா. மணிக்கட்டுக்கிட்டதான் முறியும். உனக்கு நடுக்கையில, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு விரிசல் விட்டிருக்கு. தலைக்கு வந்த அடியைக் கையால தடுத்தாதான் இப்படி ஆகும்."

சோப்புத் தண்ணீர் கிடந்ததைக் கவனிக்கவில்லை என்று ஆரம்பித்தவள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். பக்கத்திலேயே முறிந்து சேர்ந்த பழைய கோடு ஒன்று இருக்கிறதே, அப்போதும் இதே சோப்புத்தானா என்று கேட்டார்.

"அவர் நல்லவர்தான் சார். கோபம் வந்தா மட்டும்..."

"தெரியும். அடிச்ச கையே தைலமும் தேய்ச்சு விடும். மறுநாள் உனக்குப் பிடிச்ச பண்டம் வீட்டுக்கு வரும். மூணாம் நாள், 'நீ ஒழுங்கா இருந்தா எனக்கு ஏன் கோபம் வருது'ன்னு கேள்வி வரும். நாலாம் நாள் நீயே மன்னிப்புக் கேட்டிருப்பே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இதுவுமா சார் எலும்புல தெரியும்?"

"தெரியும்மா. அடுத்த தடவை கையைத் தூக்க அரை நொடி தாமதமானா என்ன ஆகும்னும் தெரியும்."

தன் போனை எடுத்துக் கொடுத்தார். அவள் ரெண்டு தடவை நம்பரைத் தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை அக்காவைப் பிடித்தாள். "அக்கா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள். அக்காவும் வேறொன்றும் கேட்கவில்லை; நாலு வருஷமாக அந்த ஒரு வரிக்காகவே காத்திருந்தவள்போல, "எந்த ஆஸ்பத்திரி?" என்றாள்.

வெளியே கதவு தட்டப்பட்டது.

"எலும்பு சரியா விழல. இன்னொரு படம்" என்று குரல் கொடுத்தார்.

பின்பக்கக் கதவு வழியாகப் பக்கத்து அறைக்கு நடத்திப்போய், அவரே பெண் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் நடந்ததை எழுதி வாங்கிக்கொண்டு கட்டுப் போட்டார். மறுபடி கதவு. மறுபடி இன்னொரு படம். சிவப்பு விளக்கு நாற்பது நிமிஷம் எரிந்தது. அந்த ஆஸ்பத்திரி வரலாற்றில் ஒரு முழங்கைக்குக் கீழே இவ்வளவு படம் எடுக்கப்பட்டதில்லை.

அக்கா பின்வாசலுக்கு வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. எலும்பண்ணன் படத்தை உறையில் போட்டு நீட்டினார். போலீசில் கேட்பார்கள், பத்திரம் என்றார்.

வாங்கிக்கொண்டவள் நகராமல் நின்றாள். "இதை யாராவது முன்னாடியே எனக்குச் சொல்லியிருக்கலாம் அண்ணா."

"யார் சொல்லுவாங்க? நாமதான் ஒருத்தருக்கும் தெரியாம மறைச்சிடுறோமே" என்றார் எலும்பண்ணன். "போம்மா. திரும்பிப் பார்க்காம போ."

அவள் போனாள். அந்த நடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

கால் மணி கழித்து நர்ஸ் பின்பக்கமாக ஓடிவந்தாள். அக்காவும் தங்கையும் வண்டி ஏறியாயிற்று, புருஷன்காரன் வரவேற்பில் கத்த, காவலாளிகள் அவனைக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, இன்னும் ஏன் சிவப்பு விளக்கு எரிகிறது என்று கேட்டாள்.

திரையில் புதிதாக ஒரு முன்கை. அதே நடுக்கை. அதே சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் மயிரிழை விரிசல். பக்கத்தில் முறிந்து சேர்ந்த பழைய கோடுகள், ஒன்றல்ல, மூன்று. மேசைமேல், முழுக்கைச் சட்டை சுருட்டிவிடப்பட்டு, எலும்பண்ணனின் இடது கை கிடந்தது.

வாரம் ரெண்டு தடவை பாடம் கேட்டவளுக்கு அதைப் படிக்கத் தெரிந்திருந்தது. "அண்ணிக்குப் போன் பண்ணி வரச் சொல்லட்டுமாண்ணே?" என்றாள்.

"அவளை மட்டும் கூப்பிடாதே" என்றார். சட்டைக் கையை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, திரையின் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"காலையில பாத்ரூம்ல வழுக்கிட்டேன்."